சைலன்சருக்கு ஒரு மூக்கு

1

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, காவலாளி ஒருவர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். மெல்பர்ன் நகரின் ஓரத்தில் நாங்கள் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடையின் கார் நிறுத்துமிடம் அது. நான் செய்த குற்றம், நின்றிருந்த ஒரு காரின் கண்ணாடியைத் தட்டியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது, உள்ளே ஒரு பெண்மணி சீட்டைச் சாய்த்துப் போட்டு வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். தட்டினேன். அசையவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். அலறிக்கொண்டு எழுந்தார்.

"ஆர் யூ அலைவ்?" என்று கேட்டேன்.

இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. அலுவலகத்தில் கூட்டம் போட்டு ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் வாயில் வருவது அந்த ஒரு கேள்விதான். நலமா என்று கேட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்திருப்பார். உயிரோடு இருக்கிறாயா என்று முன்பின் தெரியாத ஒருவன் குனிந்து கேட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம்! காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "சார், மறுபடியும் நீங்கள்தானா?" என்றார்.

மறுபடியும் நான்தான். கண்ணாடி ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே ஒருவர் கண்ணை மூடியிருந்தால் என்னால் கடந்து போக முடியாது. கால் தானாக நின்றுவிடும். இது நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது ஒரு வியாதி.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி பிலோமினா காய்கறிப் பையை வாங்கிக்கொண்டே கேட்டாள். "என்ன, இன்னைக்கும் யாரையாச்சும் எழுப்பி விட்டீங்களா?"

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அதான் மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே. ஒருநா போலீசு வந்து அள்ளிக்கிட்டுப் போகப்போவுது, நான் இங்கிட்டு ஒத்தையில கெடந்து அல்லாடணும்." திட்டி முடித்துவிட்டுக் கொஞ்சம் குரலைத் தணித்தாள். "நாளான்னைக்கு ஒங்க அண்ணனோட நெனவு நாளு. லூர்து அக்காவுக்குப் போன் பண்ணணும், மறந்துறாதீங்க."

மறந்தால்தானே!

2

என் அண்ணன் அந்தோணி விராலிமலையில் டாக்சி ஓட்டியவர். நாங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். அப்பா வாத்தியார் வேலை பார்த்தார், நான் படித்து வெளியே வந்தேன், அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஸ்டியரிங் ஏறியது. வெள்ளை அம்பாசிடர் ஒன்றை வாங்கித் திருச்சி ரோட்டு ஸ்டாண்டில் நிறுத்தினார். பிரசவம் என்றாலும் அவர்தான், கறம்பக்குடியில் கலியாணம் என்றாலும் அவர்தான், திருக்கோகர்ணத்தில் கோர்ட்டு வக்கீலைப் பார்க்கப் போனாலும் அவர்தான். போகிற வழியெல்லாம் பேச்சு. ஏறின ஆள் இறங்குவதற்குள் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார்.

அந்த வண்டியில் அவர் ஏசி போட்டதற்குக் காரணம் என் மகள் ரீட்டா. அவள் குழந்தையாக இருந்தபோது மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போனால் உடம்பு முழுக்க வேர்க்குரு வந்துவிடும். "தம்பி புள்ள அழுவுறத என்னால பாக்க முடியல" என்று அம்பாசிடரைப் பிரித்து, எங்கிருந்தோ ஒரு பழைய ஏசி பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். மற்ற டிரைவர்கள் சிரித்தார்களாம். ஏசியைப் போட்டால் வண்டி ஏற்றத்தில் முனகும். அதைப் பற்றியும் அவருக்குப் பெருமைதான்.

பிறகு ஒரு மே மாதம் நாங்கள் மூன்று பேரும் திருச்சியில் இறங்கினோம். விமானம் தாமதம். காலையில் வர வேண்டியது உச்சி வெயிலில் வந்தது. வாசலில் அண்ணனைக் காணோம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பிலோமினாவையும் ரீட்டாவையும் பெட்டிகளோடு நிழலில் நிறுத்திவிட்டு வெளியே தேடிப் போனேன். மரத்தடியில் நின்றிருந்தது வெள்ளை அம்பாசிடர். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் நான் அடித்த போன் மாதா பாட்டோடு பாடிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரர்கள்தான் ஓடிவந்து கண்ணாடியை உடைத்தார்கள்.

சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்திருக்கிறது. புகை அடித்தட்டு வழியாக உள்ளே வந்திருக்கிறது. அந்தப் புகையில் இருக்கும் விஷத்துக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டு போய்விடும். முகத்தில் ஒரு வேதனையும் இல்லை. நான் வந்துவிட்டேனா என்று இப்போது கண் விழித்துக் கேட்பார் போலத்தான் இருந்தது. இன்றைக்கும் பொது இடத்தில் யாருடைய பையிலாவது போன் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

3

ரீட்டா இப்போது பொறியியல் படித்து முடித்துவிட்டுத் தனியாக ஒரு வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள். தங்கியிருந்தாள் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். எங்களோடு சண்டை ஒன்றும் இல்லை. இங்கே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை, சிரித்துக்கொண்டே போகிறார்கள். பூசைக்கு வருவது நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவது நின்றது. பிறகு தமிழ் நின்றது. போனில் "லவ் யூ, பை" என்று முடித்துவிடுவாள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

போன வருடம் ஒருநாள் திடீரென்று வந்து, தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்பா, பெரியப்பா கார்!"

யாரோ ஒரு கிழவரின் கொட்டகையில் கிடந்த பழைய ஆங்கிலேய வண்டி. நம்மூர் அம்பாசிடரை எந்த வண்டியைப் பார்த்துச் செய்தார்களோ அந்த வண்டி. அதே உருண்டை முகம், அதே நெற்றி, அதே தொந்தி. துருப்பிடித்த பச்சை நிறம் மட்டும்தான் வேறு. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன். நீயும் நானும் சேர்ந்து ஓடவைப்போம்" என்றாள். எனக்கு அண்ணன் நினைவு பின்னுக்குப் போய்ச் சனிக்கிழமை முன்னுக்கு வந்துவிட்டது. வாங்கிவிட்டோம்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாக வாழ்ந்தேன். அவள் படுத்தபடி காருக்கு அடியில் இருப்பாள், நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். மதியம் பிலோமினா மீன்குழம்பு வைப்பாள். மூன்று பேரும் கராஜிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. சீட்டும் பிரேக்கும் விளக்கும் ஒவ்வொன்றாக முடிந்தன. முடிய முடிய எனக்குப் பக் பக் என்று அடித்துக்கொண்டது. ஏனென்றால் ரீட்டாவுக்கு அடிலெய்டில் வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேரலாம். "இந்தக் கார்லதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைச் சரியாகத் திருகி வைக்க வேண்டும். பெட்ரோல் கூடிக் கருப்பாகப் புகை விட்டது. பழைய மெக்கானிக்குகள் காதாலும் மூக்காலும் செய்ததைச் செய்ய நாங்கள் யார்? வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்று வாங்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்கைவிடச் சற்றுப் பெரிய சாமான் அது. சைலன்சர் குழாயில் துளை போட்டு, மரை வெட்டிய வளையம் ஒன்றை வெல்டிங் வைத்து, அதில் திருகிவிட வேண்டும். மூக்கு மட்டும் குழாய்க்குள் இருக்கும். வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று முகர்ந்து பார்த்து, உள்ளே பெட்ரோல் கூடவா, காற்று கூடவா என்று காட்டும். சாதாரண சென்சார் பெட்ரோல் கூடவா, குறையவா என்று மட்டும் சொல்லும். வைட்பேண்ட் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று எண்ணாகவே சொல்லிவிடும். பெட்ரோல் கூடினால்தான் அந்த விஷமும் கூடும். எனக்கு அந்த எண் வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். சென்சாரில் பழைய வகை ஒன்று, புதிய வகை ஒன்று. பழையதை முதன்முதலில் கரண்டு கொடுத்துச் சூடாக்கி, வெட்டவெளியில் தொங்கவிட்டு, சுத்தமான காற்று என்றால் இதுதான் என்று அதற்குக் காட்ட வேண்டும். பிற்பாடும் அவ்வப்போது கழற்றிக் காட்ட வேண்டும். புதியதற்கு அது வேண்டாம், செய்கிற இடத்திலேயே அளவு பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மீட்டர். முள் வைத்ததா, எண் காட்டுவதா, போனில் தெரிவதா? எதை வாங்கினால் வயர் எவ்வளவு நீளம், வெப்பம் எவ்வளவு தாங்கும், எத்தனை நாள் உழைக்கும்? யாரோ ஒருவர் ஒரு வகையைத் திட்டி எழுதியிருப்பார். அவரைத் திட்டி இன்னொருவர் எழுதியிருப்பார். எல்லாவற்றையும் படித்தேன். கோடை போய் இலை உதிர ஆரம்பித்தது.

"அப்பா, ஏதாவது ஒண்ணு சூஸ் பண்ணு" என்றாள் ரீட்டா.

"அவசரப்பட்டா ஆகுமா?"

பிலோமினா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி ஆறுறதுக்குள்ள சரின்னு சொன்ன மனுசன்! ஒரு திருகாணிக்கு இம்புட்டு யோசன!"

ரீட்டா சிரிக்கவில்லை. காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, இது பைப்புக்குள்ள இருக்கிறத மட்டும்தான் சொல்லும். காருக்குள்ள நாம மூச்சு விடுற காத்தப் பத்திச் சொல்லாது. அதுக்குச் சின்ன அலாரம் இருக்கு, அது போதும். இந்த சென்சார் அன்னைக்கு இருந்திருந்தாலும் பெரியப்பாவக் காப்பாத்தியிருக்காது."

எனக்கும் அது தெரியாதா? அலாரம் எப்போதோ வாங்கிவிட்டேன். முன்னால் ஒன்று, பின் சீட்டில் ஒன்று. சென்சாரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வண்டி முடிந்துவிடும், வண்டி முடிந்துவிட்டால் சனிக்கிழமை முடிந்துவிடும். இதை அவளிடம் எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் பழைய வண்டிகளுக்கான அனுமதி வாங்க அரசு அலுவலகத்துக்குப் போனேன். வண்டியில் புதிதாக எதையாவது மாட்டினால் சொல்ல வேண்டுமாம். சென்சார் மாட்டப்போகிறேன் என்றேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் கேட்டான், இந்தக் காலத்து வண்டிக்கு அது எதற்கு என்று. அண்ணன் புகையால் இறந்தார் என்று சொல்ல நினைத்தேன். "மை பிரதர் இஸ் இன் தி எக்ஸாஸ்ட்" என்று, அண்ணன் புகைக்குழாய்க்குள் இருக்கிறார் என்று, வாயில் வந்தது. அவன் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். திருத்திச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. நான் சொன்னது தப்பா என்றும் நிச்சயமில்லை.

4

கடைசியில் பழைய வகையைத்தான் எடுத்தேன். காற்றைக் காட்ட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எது நல்ல காற்று என்று தெரிந்தால்தானே கெட்டதைச் சொல்ல முடியும்? ரீட்டாவுக்குப் புதிய வகைதான் வேண்டும். ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். முதல்முதல் என்னை ஜெயிக்கவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை கராஜ் கதவைத் திறந்துவைத்து, வாசல் பக்கம் ஒரு ஏணியில் சென்சாரைத் தொங்கவிட்டு, பேட்டரியோடு இணைத்தோம். சென்சாருக்குள் இருக்கும் பீங்கான் நெருப்பாகக் காய்ந்திருக்கும், கிட்டே தண்ணீர் கூடாது என்று குறிப்பில் போட்டிருந்தது. அதனால்தான் குழாயில் மாட்டும்போதும் மேல்பக்கமாக மாட்டச் சொல்கிறார்கள், குழாய்க்குள் கோத்துக்கொள்ளும் ஈரம் அதன்மேல் விழக் கூடாது. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். பிலோமினா படிக்கவில்லை.

எங்கள் ஊரில் வண்டி என்று ஒன்று வந்தால், அது சைக்கிளாக இருந்தாலும், பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஓட்டுவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைப்போம். வேதக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று சாமியார் கேட்டால், அது தானா உருண்டு வந்த பழம் சாமி என்று சொல்லிவிடுவோம். பிலோமினா ஒவ்வொரு பயணத்திலும் ஊர்க் கோயில் தீர்த்தத்தை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்துவிடுவாள். விமான நிலையத்துச் சுங்கக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்வது தனிக் கதை.

நாங்கள் இருவரும் மீட்டரில் வயரைப் பொருத்திக்கொண்டிருந்தோம். பின்னால் செபம் முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் பிலோமினா கார் முகத்தில் தெளித்து, கதவில் தெளித்து, ஏணியில் தொங்கிய சாமானையும் விட்டுவைக்கக் கூடாதென்று அதன்மேலும் மூன்று முறை தெளித்துவிட்டாள். சுர்ர் என்று ஒரு சத்தம். மீட்டரில் எண் மறைந்து கோளாறு என்று மின்னத் தொடங்கியது.

"அம்மா!" என்று அலறினாள் ரீட்டா.

பீங்கான் விரிசல் விட்டுவிட்டது. மாதக்கணக்காக நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாமான் ஒரு துளித் தீர்த்தத்தில் செத்துப்போனது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிலோமினா கொஞ்சம் திகைத்து நின்றாள். ஆனால் அவள் தோற்கிற ஆள் இல்லை. "தீர்த்தம் பட்டுச் சாவுறதுன்னா, அதுல ஏதோ ஆகாதது இருந்துருக்கு. அத மாட்டிக்கிட்டு எம்புள்ள அம்புட்டு தொலவு போவணுமா? போனது நல்லதுக்குத்தான்" என்று சொல்லி பாட்டிலை மூடினாள்.

ரீட்டா முதலில் சிரித்தாள். பிறகு நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கள்ளச் சந்தோசம். இன்னும் சில சனிக்கிழமைகள் கிடைத்தனவே!

5

ரீட்டாவோ அன்றைக்கே தன் போனில் புதிய வகைக்குச் சொல்லிவிட்டாள். அது வந்து சேர்ந்தது அண்ணனின் நினைவு நாளுக்கு முந்தின நாள். அதாவது நான் காவலாளியிடம் மாட்டிக்கொண்ட மறுநாள். நினைவு நாளும் சனிக்கிழமையாக அமைந்தது.

காலையிலேயே மாட்டிவிட்டோம். இன்ஜினை ஓடவிட்டாள். பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. சந்தேகமே இல்லை, பெட்ரோல் கூட. ஆனால் மீட்டர் காற்று கூட என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எண் சரியான பக்கம் இறங்குகிறது, காலை எடுத்தால் மறுபடியும் காற்று கூட என்று பிடிவாதம் பிடிக்கிறது.

"இதுவும் போச்சா?" என்றேன். "ஒங்கம்மா எங்க?"

"நான் ஒண்ணும் கிட்டக்கவே வரலயே!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ரீட்டா இன்ஜினை நிறுத்தி, குழாய் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு காற்றூதும் மெஷினைச் சைலன்சரின் வாயில் பொருத்திவிட்டு, ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு அடியில் நுழைந்தாள். "அப்பா, கீழ வந்து பாரு" என்றாள்.

முட்டி வலியோடு படுத்து நுழைந்தேன். சென்சாருக்கு முன்னால், இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், சோப்பு நுரை பொங்கிப் பொங்கி வந்தது. மயிரிழை விரிசல். அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்ததால்தான் சென்சார் ஏமாந்திருக்கிறது. காற்று உள்ளே போகிற வழியில் புகை வெளியேயும் வரும். விரிசலுக்கு நேர் மேலே அடித்தட்டில் துருப்பிடித்த ஓட்டை. அதற்கு நேர் மேலே டிரைவர் சீட்டு.

அந்தச் சீட்டில்தான் ஒரு வருடமாக என் மகள் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கராஜ் கதவையும் கார்க் கண்ணாடியையும் திறந்தே வைத்திருந்ததால் பிழைத்தாள், அலாரமும் அடிக்கவில்லை. குழாயை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே கிடந்தேன். எங்கோ போன் அடிப்பதுபோலக் கேட்டது. இந்த முறை நிஜமாகவே அடித்தது. மதினி.

6

மதினி, அண்ணனின் மனைவி லூர்து, இன்னமும் விராலிமலையில் அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்த அம்பாசிடரும் வாசலில் நிற்கிறது. உடைந்த கண்ணாடியை இன்றுவரை மாற்றவில்லை. வாங்குகிறேன் என்று மதுரையிலிருந்து ஆள் வந்தும் கொடுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் மயில்கள் அதன் கூரையில் நின்று அசிங்கம் பண்ணிவிட்டுப் போகும், அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்.

கை முழுக்கக் கரியாக இருந்ததால் ரீட்டா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சில் வைத்தாள்.

"நல்லாருக்கீங்களா தம்பி? பூச நல்லபடியா முடிஞ்சுச்சு. சாமியாரு பேர வாசிச்சாரு. கல்லறையில மெழுகுதிரி ஏத்திட்டு இப்பத்தான் வாரேன். இங்கிட்டு ஒரே காத்து, திரி நிக்கவே மாட்டேங்குது."

நான் அவரை நலம் விசாரிக்கவில்லை. கொட்டிவிட்டேன். "மதினி, இந்த வண்டியிலயும் ஓட்டை இருக்கு. அண்ணன் வண்டியில இருந்த மாதிரியே. ஆனா நாங்க கண்டுபிடிச்சுட்டோம். அன்னைக்கு அண்ணனுக்கு மட்டும் இப்புடித் தெரிஞ்சிருந்தா..."

அந்தப் பக்கம் காற்றடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"தெரியும் தம்பி."

"என்ன மதினி?"

"ஓட்டை இருந்தது அவுங்களுக்குத் தெரியும். நீங்க வாறதுக்கு மொத வாரமே, சத்தம் மாறிருச்சு லூர்து, பைப்பு விட்டுப்போச்சுன்னாங்க. வெல்டிங்குக்கு விட்டா வண்டி பட்டறையில நின்டுரும், தம்பி வாறப்ப வேற வண்டியவா கூட்டிக்கிட்டுப் போறது, புள்ளைக்கி ஏசி வேணும்னாங்க. ஒங்களக் கொண்டாந்து எறக்கிட்டு மறுநாளே விட்டுக்கிறேன்னாங்க. நானும் சரின்டேன்."

பிலோமினா அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள். கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏன் மதினி இத்தன வருசமாச் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? நம்மளாலதான்னு மனசு ஒடஞ்சு ஊருப்பக்கம் வாறதையே நிப்பாட்டிப்புடுவீங்க. அவுங்களும் இல்ல, நீங்களும் இல்லன்னா எனக்கு யாரு இருக்கா? இன்னைக்கு ஏஞ் சொல்றேன்னா, ஒங்களுக்கு ஓட்டை தெரிஞ்சிருச்சு. தெரியிறது பெருசில்ல தம்பி. தெரிஞ்ச அன்னைக்கே அடைக்கணும். நாளைக்குன்னு மட்டும் வைக்காதீங்க. எம்புள்ளைய அதுல ஏத்தாதீங்க."

எம்புள்ள என்று அவர் சொன்னது ரீட்டாவை. அவருக்குப் பிள்ளை இல்லை.

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அண்ணன் மேல். இத்தனை வருடத்தில் முதல்முறையாக. என்ன மனுசன் இவர்! தம்பி ஒரு வாடகைக் காரில் வந்தால் குறைந்தா போய்விடுவான்? ஏசி இல்லாமல் வேர்க்குரு வந்தால் பவுடர் போட்டால் போகாதா? கராஜ் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அப்புறம்தான் அழுதேன். பிலோமினா கரண்டியோடு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டை இருப்பது தெரியாததால் அண்ணன் போனார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த எண், இந்த மீட்டர், இந்த அலாரம் எல்லாம். அவருக்குத் தெரிந்தே இருந்தது. என் மேல் வைத்திருந்த பிரியத்தால் தள்ளிப்போட்டார். நானும் பிரியத்தால்தான் ஒரு வருடமாக எதையோ தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ரீட்டா குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் சனிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல யாரும் வெல்டிங் பண்ணமாட்டாங்க" என்றேன்.

"யாராவது பண்ணுவாங்க" என்றாள். நட்டுகளைக் கழற்றும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நான் அன்னைக்குக் கண்ணாடி ஒடையிற சத்தம் கேட்டேன்பா. அம்மா என் காதப் பொத்துனாங்க. ஆனா கேட்டேன். அந்த ஏசி எனக்காகப் போட்டதுன்னும் தெரியும். அதுக்காகத்தான் இந்தக் காரத் தேடிக் கண்டுபிடிச்சேன்."

அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டு மிச்ச நட்டை நான் கழற்றினேன்.

பிலோமினாவின் காரில் குழாயை ஏற்றிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஊரெல்லாம் சுற்றினோம். பூட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டறைக்காரரிடம் பிலோமினா தன் ஆங்கிலத்தில் என்னதான் சொன்னாளோ, அவர் மறுபடி கதவைத் திறந்து இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அடித்தட்டு ஓட்டைக்கும் தகடு வெட்டிக் கொடுத்தார். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்ஜினை ஓடவிட்டதும் மீட்டர் உண்மையைச் சொன்னது. பெட்ரோல் கூட. கார்புரேட்டரை அவள் சொல்லச் சொல்ல நான் திருகினேன், எண் மெல்ல மெல்ல ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பெட்ரோல் நெடி போய்விட்டது. அண்ணன் வண்டியில் எப்போதும் அடிக்கும் வாசனை அது. கராஜில் அது இல்லாதது எனக்கு ஒருமாதிரியாக இருந்தது.

7

நேற்றுக் காலையில் ரீட்டா கிளம்பினாள். இங்கே இப்போது குளிர்காலம் நெருங்கிவிட்டது, வாய் திறந்தால் புகை வருகிறது. பின் சீட்டு நிறையப் பெட்டிகள். பிலோமினா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள், தீர்த்த பாட்டிலோடு வந்து நின்றாள்.

"அம்மா, பானெட் மேல மட்டும்" என்றாள் ரீட்டா.

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்று முறைத்துவிட்டு, பானெட்டிலும் மகள் தலையிலும் மட்டும் தெளித்தாள்.

மதினி போனில் காத்திருந்தார். இன்ஜினை ஓடவிட்டதும் அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். போனைச் சைலன்சர் பக்கம் நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் நல்லாருக்கு தம்பி. விட்டுப்போகல. போகச் சொல்லுங்க" என்றார்.

ரீட்டா உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். செபம் செய்தாளா, அழுகையை அடக்கினாளா, தெரியவில்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்லக் கை போய்க் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணாடியை இறக்கினாள். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"உயிரோட இருக்கேன்ப்பா" என்றாள்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி தெருவில் இறங்கியது. தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குளிரிலும் அவள் கண்ணாடியை ஏற்றவில்லை.